மதிப்பீட்டுக்கு முன் பயிற்சி தேவையா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது இரண்டு மாதம். கிரேயானைக் கைப்பிடிக்குள் முழுவதுமாக அடக்கிப் பிடிக்கிறான். கத்தரிக்கோலை இரண்டு கைகளாலும் திறக்கப் பார்க்கிறான். சட்டையின் கழுத்துப் பகுதியில் உள்ள துணிச்சீட்டு உறுத்துகிறதென்று அழுகிறான். பலர் சேர்ந்து பேசினால் காதைப் பொத்திக்கொள்கிறான். பள்ளி ஆசிரியை எடுத்துச் சொன்ன பிறகு, குழந்தை நல மருத்துவர் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களைச் செய்ய உதவும் சிகிச்சை) மதிப்பீட்டுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார். அதற்கு இன்னும் பத்து நாட்கள் உள்ளன. பொத்தான் போடவும் வட்டம், சதுரம், முக்கோணம் வரையவும் தினமும் பழக்குகிறேன். அவன் மறுக்கிறான், நான் கோபப்படுகிறேன், இருவரும் அழுகிறோம். அங்கே என்ன செய்யச் சொல்வார்கள்? அவன் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும்?

பதில்: அந்தப் பயிற்சியை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இத்தனை ஆண்டுகளாக இந்த மதிப்பீடுகளைச் செய்துவரும் எனக்கு, முந்தைய வாரம் முழுவதும் பழக்கப்பட்டு வரும் குழந்தையைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பென்சிலை மேசையில் வைத்ததுமே கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும்.

மதிப்பீட்டில் பயன்படும் தரப்படுத்திய சோதனைகளில், ஒரே சொற்களால், ஒரே கட்டைகளை வைத்து, ஒரே கால அளவில்தான் எல்லாக் குழந்தைகளையும் செய்யச் சொல்கிறோம். அப்படிச் செய்தால்தான் ஒரு குழந்தையை அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட முடியும். வீட்டில் மனப்பாடமாக வரைந்து பழகிய சதுரம் மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டி, தேவையான உதவியைத் தள்ளிப்போடக்கூடும். மேலும், உங்கள் மகனிடம் முக்கோணத்தை எதிர்பார்ப்பதே சரியில்லை. பெரும்பாலான குழந்தைகள் ஏறத்தாழ 2 வயதில் நேர்கோட்டையும், 3 வயதில் வட்டத்தையும், 4 வயதில் கூட்டல் குறியையும் பார்த்து வரைவார்கள். சதுரம் அதற்குச் சற்றுப் பிறகும், முக்கோணம் 5 வயதை ஒட்டியும் வரும்.

வரைந்து முடித்த படத்தைவிட, அதை வரையும் விதத்தையே நாங்கள் கூர்ந்து பார்க்கிறோம். தோள் உயர்ந்து இறுகுகிறதா, மணிக்கட்டு மேசையில் படிகிறதா, மற்றொரு கை தாளைப் பிடித்துக்கொள்கிறதா, தாளின் நடுப்பகுதி வந்ததும் பென்சில் கை மாறுகிறதா என்று கவனிப்போம். கிரேயானை முஷ்டியில் பிடிப்பதற்கு விரல்களின் வலுக்குறைவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. முதுகும் தோளும் நிலையாக நில்லாததால் விரல்கள் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்குவதுண்டு. ஆகையால் அவனை ஏணியில் ஏறச் சொல்வோம், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வோம், ஊஞ்சலில் ஆடவிட்டுப் பார்ப்போம். சுற்றியிருப்பவர்களுக்கு அது வெறும் விளையாட்டாகத் தெரியும். தெரபியின் பெயரிலுள்ள ‘ஆக்குபேஷன்’ என்ற சொல் குழந்தையைப் பொறுத்தவரை விளையாடுவது, உண்பது, உடுத்துவது, உறங்குவது ஆகியவற்றையே குறிக்கிறது.

காதைப் பொத்துவது, துணிச்சீட்டு உறுத்துவது போன்றவற்றை ஒரு மணி நேரச் சந்திப்பில் நாங்கள் நேரில் காண முடியாமலே போகலாம். அதற்காகவே பெற்றோரிடம் வினாப்பட்டியல் ஒன்றைத் தருவார்கள். ‘எப்போதும்’, ‘அடிக்கடி’, ‘எப்போதாவது’ என்று குறிக்க வேண்டியிருக்கும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். தம் குழந்தை மிக நன்றாக இருந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டு நிரப்புகிறார்கள். நீங்கள் சாதாரண நாளை நினைத்து நிரப்புங்கள். இந்தப் பத்து நாட்களில் மூன்று நாட்களுக்கு, காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை எங்கெங்கே அவன் தடுமாறினான், எவ்வளவு நேரம் எடுத்தான், எந்த உதவியால் அமைதியானான் என்று குறித்து வையுங்கள். உடுத்தும்போதும் சாப்பிடும்போதும் எடுத்த ஓரிரு நிமிட வீடியோ எங்களுக்குப் பேருதவி. பிறப்பு விவரம், கண், செவிப் பரிசோதனை அறிக்கைகள், அவன் வழக்கமாக வரையும் தாள்கள் சிலவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

அவன் தூங்கும் நேரத்தைத் தவிர்த்துச் சந்திப்பு நேரத்தைக் கேளுங்கள். பசியாற்றி, உறுத்தாத, பழகிய உடையில் அழைத்துச் செல்லுங்கள். “விளையாட்டுச் சாமான்கள் உள்ள ஓர் அறைக்குப் போகிறோம், ஒருவர் உன்னோடு விளையாடுவார்” என்று முந்தைய நாள் சொன்னால் போதும். “ஊசி போட மாட்டார்கள்” என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அதுவரை நினைவிலேயே இல்லாத ஊசியை நாமே நினைவூட்டுவதாகும்.

அவன் ஒத்துழைக்காவிட்டால் மதிப்பீடு வீணாகிவிடாது. எதைக் கண்டு மறுத்தான், எதற்குப் பிறகு இணங்கினான் என்பதும் எங்களுக்குத் தகவல்தான். தேவைப்பட்டால் இன்னொரு நாள் தொடர்வோம். நீங்கள் அருகில் இருக்க நேர்ந்தால் விடையைக் காட்டிக்கொடுக்காமலும், “வீட்டில் செய்வானே” என்று குறுக்கிடாமலும் இருங்கள். வீட்டில் செய்வான் என்பதை முடிவில் சொல்லுங்கள், நிச்சயம் எழுதிக்கொள்வோம்.

கேள்வி: என் மகளின் அறிக்கையில் கைத்திறனுக்கு ‘பெர்சன்டைல் 16’ என்று போட்டிருக்கிறது. நூற்றுக்குப் பதினாறுதானா? இது ஆட்டிசமா?

பதில்: அது மதிப்பெண் அன்று. அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரை வரிசைப்படுத்தினால், ஏறத்தாழப் பதினாறு பேர் அவள் நிலையிலோ அதற்குக் கீழோ இருப்பார்கள் என்று பொருள். பல சோதனைகளில் 16 சராசரி வரம்பின் கீழ் விளிம்பாகவே கொள்ளப்படுகிறது. ஆட்டிசத்தை இந்த ஓர் எண்ணைக் கொண்டு யாரும் முடிவு செய்வதில்லை. அந்த நோயறிதல் குழந்தை வளர்ச்சி மருத்துவர், உளவியலாளர் போன்றோர் தனியாகச் செய்யும் பணி. எண்ணைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, அன்றாடம் அவள் செய்யத் திணறும் எந்தச் செயலை முதல் இலக்காக வைத்திருக்கிறார்கள், அது கைகூடியதை எப்படி அறிவார்கள், அதற்கு வீட்டில் எத்தனை நிமிடம் தர வேண்டும் என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். அறிக்கையில் இலக்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால், எழுதித் தருமாறு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.