கேம் ஆடவும் கேம் செய்யவும் ஒரே கணினி: எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்கு வந்திருக்கிறேன், கையில் 30,000 ராண்ட் இருக்கிறது, கேமும் ஆட வேண்டும், அன்ரியல் என்ஜினில் கேம் செய்யவும் பழக வேண்டும், எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதிய நான்கு பேரும் கார்டு பெயர்களைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் பெட்டி) பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் தூத்துக்குடிக்காரி. 2019-இல் கணவரின் வேலைக்காக டர்பன் வந்தோம். சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுச் சின்ன குழுக்களுக்கு கேம் லெவல்கள் செய்து கொடுப்பது என் பிழைப்பு.

2022 கடைசியில் முதல் கணினியை நானே அசெம்பிள் செய்தேன். அந்த வருடம் செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும், கிராபிக்ஸ் கார்டு வைத்து மைனிங் செய்தவர்கள் (கணினியை ஓடவிட்டு நாணயம் சம்பாதித்தவர்கள்) கார்டுகளை விற்கத் தொடங்கினார்கள். எனக்கும் ஒரு ஆர்டிஎக்ஸ் 3070 பழையது கிடைத்தது. மொத்தம் செலவழித்த 25,000 ராண்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அதற்கே போனது. மிச்சத்தில் ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர், 16 ஜிபி ராம், இரண்டு எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்). எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு சும்மா வந்தது. மேலே 650 வாட் என்று ஒட்டியிருந்தார்கள், நம்பினேன். இது போதுமா என்று கடையில் கேட்டபோது பதில் சொல்லவில்லை, "பையனுக்கா வாங்குறீங்க?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றதும் பேச்சை என் கணவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவருக்கு ராம் எது, ஹார்டு டிஸ்க் எது என்று தெரியாது. அந்தக் கோபத்தில் அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல் வந்துவிட்டேன். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

2023 பிப்ரவரி. லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) ஸ்டேஜ் 6. ஒரு நாளைக்கு மூன்று முறை இரண்டிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. அந்த மாதம்தான் அரசு மின்சாரத்துக்காகத் தேசியப் பேரிடர் நிலையே அறிவித்தது. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு கரண்ட் திரும்பி வந்தபோது கணினிக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு கருகல் வாசம். எஸ்எம்பிஎஸ் போனதோடு மதர்போர்டையும் இரண்டு எஸ்எஸ்டிகளையும் கூட்டிக்கொண்டு போனது. பேக்கப் இருந்தது, ஆனால் இரண்டாவது எஸ்எஸ்டியில், அதே பெட்டிக்குள். பதினொரு வார வேலை போய்விட்டது.

அது சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை. வீட்டுக்கார ஆன்ட்டியின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்க நான் செய்துகொண்டிருந்த கேம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்தது.

வீட்டுக்கார அங்கிள் நாற்பது வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். செத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய், ஒரு வாரம் சும்மா வைத்திருந்துவிட்டுத்தான் திறந்தார். (நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிரை வாங்கும் அளவு மின்சாரம் நிற்கும்.) கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் ஃபில்டர் காயில்களும், அதிக வோல்டேஜ் வந்தால் தாங்கிக்கொள்ளும் வேரிஸ்டரும் இருக்க வேண்டும். போர்டில் அவற்றுக்கான இடம் அச்சடித்திருந்தது, பாகங்கள் இல்லை. காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அங்கிள் என்னைத் திட்டவில்லை. அந்தக் கம்பியை விரலால் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது நீங்கள் சொல்ல வருவது தெரியும். லோட் ஷெடிங்தான் ஓய்ந்துவிட்டதே, பழைய கதையை ஏன் எடுக்கிறாய் என்பீர்கள். 2024 மார்ச் 26-இலிருந்து பத்து மாதம் இல்லாமல் இருந்தது, 2025 ஜனவரி 31 அன்று திரும்பியது. அது வராத மாதங்களிலும் கேபிள் திருட்டும் டிரான்ஸ்பார்மர் கோளாறும் இருக்கத்தான் செய்தன. உங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் கோடைக்காலச் சாயங்காலங்களில் இடி மின்னல் வேறு. புயல் மேகம் தெரிந்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

ஆகவே முதலில் எஸ்எம்பிஎஸ். 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்கிறது, உள்ளே பாதுகாப்பு இருக்கிறதா என்று சொல்லாது. அந்த மாடலைப் பிரித்துச் சோதித்துப் பார்த்தவர்களின் விமர்சனம் இருக்கிறதா, ஏழு முதல் பத்து வருட வாரண்டி உண்டா என்று பாருங்கள். உங்கள் ஃபிளாட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இன்னொன்றும் உண்டு. மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பில்தான் கணினியைத் தாங்க வேண்டும். நல்லது 16 மில்லி செகண்ட் அளவுக்குத் தாங்கும், சில இன்வெர்ட்டர்கள் மாறுவதற்கே 20 எடுக்கும். கரண்ட் போகும்போதெல்லாம் கணினி ரீஸ்டார்ட் ஆனால் காரணம் அங்கே இருக்கலாம். யுபிஎஸ் வாங்கினால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். 1,000 விஏ என்று இருப்பது பல நேரம் 600 வாட்தான். சைன் வேவ் வகையாகவும் (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையில் தருவது) இருக்கட்டும்.

அடுத்தது பிராசசர். கேம் ஆடுவதும் கேம் செய்வதும் இங்கேதான் பிரிகின்றன. ஆடுவதற்கு மட்டும் என்றால் ரைசன் 7 7800எக்ஸ்3டி அருமையானது. எட்டு கோர்தான் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), ஆனால் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இருப்பதால் கேம்கள் பறக்கும். அன்ரியலில் சி++ கம்பைல் செய்வதற்கும் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது) ஷேடர்கள் (ஒளியையும் நிறத்தையும் வரையும் சின்ன நிரல்கள்) தயாராவதற்கும் கோர் எண்ணிக்கைதான் பேசும். 12 கோர் உள்ள ரைசன் 9 7900 எனக்குச் சரியாகப் படுகிறது, 65 வாட் வகை என்பதால் சூடும் குறைவு. உங்கள் ஊர் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று மெலிந்தது, ஃபேனுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. நான் வைத்திருப்பது 5900எக்ஸ். என்ஜினை முழுதாக சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய பழைய ஆறு கோரில் இரண்டு மணி நேரம் ஆனது, இப்போது ஐம்பது நிமிடம். அடுத்த கரண்ட் கட் வருவதற்குள் முடிந்துவிடும் என்பது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்த வருடம் இங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கோர் கூடினால் ராமும் கூட வேண்டும். ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் ஒன்றரை ஜிபி போலத் தேவைப்படும், 12 கோரில் 24 திரெட் (இணையாக ஓடும் வேலைகள்) ஓடினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 32 ஜிபி குறைந்தபட்சம், 64 நிம்மதி. டிடிஆர்5 என்றால் இரண்டு குச்சியாகவே வாங்குங்கள், நான்கு போட்டால் வேகம் இறங்கும். எஸ்எஸ்டியில் கியூஎல்சி வகை (ஒரு செல்லுக்குள் நான்கு பிட் அடைப்பது) வேண்டாம். டிரைவின் கேஷ் நிரம்பியதும் எழுதும் வேகம் படுத்துவிடும், அன்ரியலோ எழுதிக்கொண்டே இருக்கும்.

கார்டைக் கடைசியில் வைத்திருக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். நான் இப்போது வைத்திருப்பது ஆர்டிஎக்ஸ் 3060, கார்டிலேயே 12 ஜிபி நினைவகம். கேமில் என் பழைய 3070-ஐவிட மெதுவானது. "பின்னோக்கிப் போயிருக்கிறாய்" என்று ஒருவர் என்னிடம் ஏற்கனவே சொல்லியிருக்கிறார். அன்ரியல் எடிட்டர், பிளெண்டர் (முப்பரிமாண உருவங்கள் செய்யும் மென்பொருள்), இரண்டையும் திறந்துவைத்துக்கொண்டு லைட் பேக் (வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது) செய்து பாருங்கள், 3070-இன் 8 ஜிபி எங்கே போதும்? இன்று வாங்குவதானால் 4060 டிஐயில் 16 ஜிபி வந்ததை எடுப்பேன், 8 ஜிபி வந்ததைத் தொடமாட்டேன். விலை எழுதவில்லை, வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் கார்டு வாங்கிவரச் சொல்வதும் வேண்டாம். கரண்ட் அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட்தான், ஆனால் வாரண்டி கடல் தாண்டி வருவது அரிது.

இவ்வளவு கனமான அன்ரியல் எதற்கு, எழுத்து கற்றுக்கொடுக்கும் கேமுக்கு யூனிட்டி என்ஜின் போதாதா என்று கேட்பவர்களுக்கு: யூனிட்டியில்தான் தொடங்கினேன். அப்போது அதில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் "தேன்" என்று அடித்தால் கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் குறி எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, வரையும்போது முன்னே கொண்டுவர வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற இலவச நூலகம் அதைச் செய்கிறது. அன்ரியலில் அது இருந்தது. கோடோ என்ற இன்னொரு என்ஜினில் 2023 மார்ச்சில் வந்த 4-ஆம் பதிப்பில் வந்தது. அதுவரை நம்மவர்கள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவை வைத்து ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளினார்கள். கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழிக்கு ஒரு கொம்பைச் சரியான இடத்தில் வைக்க யாருக்கும் அவசரம் இல்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

அதைவிட வலிப்பது ஊரில் இருந்து வரும் பேச்சு. "அங்க இருக்கிற தமிழங்களுக்குத் தமிழே தெரியாதாமே" என்று சிரிக்கிறார்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் தொடங்கி, மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லாமல் தலைமுறைகள் போயின. ஆன்ட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் புரட்டாசி மாதம் அவர் வீட்டில் முட்டை வாசம்கூட வராது, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்காத வருடம் கிடையாது. என் அம்மா வீட்டில் அவ்வளவு கடைப்பிடித்ததில்லை. சிரிப்பவர்கள் ஒரு எழுத்தாவது சொல்லிக்கொடுத்தார்களா?

கேமைத் திரும்பச் செய்தேன், ஏழு மாதம் ஆனது. இப்போது ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிரதி வெளி டிரைவுக்குப் போகிறது, அந்த டிரைவ் ஆன்ட்டி வீட்டு அலமாரியில் இருக்கிறது. இன்னொரு பிரதி பெர்ஃபோர்ஸில் (ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் மென்பொருள்). ஐந்து பேர் வரை அது இலவசம்.

உங்கள் 30,000-க்கு வருகிறேன். எஸ்எம்பிஎஸ், 7900, 64 ஜிபி, நல்ல எஸ்எஸ்டி வாங்கியதும் கார்டுக்குப் பணம் போதவில்லை என்றால் இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். 7900-க்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது, திரை வரும், ப்ளூப்ரின்ட்டும் (அன்ரியலில் நிரல் எழுதாமல் பெட்டிகளை இணைத்துச் செய்வது) சி++-உம் பழகலாம். 5900எக்ஸில் அது கிடையாது, கார்டு இல்லாமல் படமே வராது. கோடோவில்தான் பழகப் போகிறீர்கள் என்றால் இதில் பாதிகூட வேண்டாம், முதலில் அதைச் சொல்லுங்கள், வேறு பட்டியல் எழுதுகிறேன்.