பதிவேட்டில் ஏறாத பிள்ளைகள்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு, சிறார் நலப் பதிவேடுகளோடு நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் அளித்த பதில்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்: சிறார் துன்புறுத்தல் கூடிவிட்டதாகச் செய்திகளில் வருகிறது. நம் ஊரிலும் கூடியிருக்கிறதா?

செய்தியில் வருவது துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை அன்று. புகாராக வந்து பதிவானவற்றின் எண்ணிக்கை. அது உயர்ந்தால் கொடுமை பெருகியிருக்கலாம், அல்லது வாய்திறக்கத் துணிந்தவர்கள் பெருகியிருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து இது எது என்று சொல்லிவிட முடியாது. மேலும், நம் ஊர் கோலகங்சார் மாவட்டத்துக்குள் அடங்குவதால், மாவட்ட அட்டவணையில் அரச நகரமான கோலகங்சாரும் நம் தோட்டப்புறமும் ஒரே வரியில் கலந்துவிடுகின்றன.

ஓய்வுபெற்ற தாதி: மருத்துவமனை, போலீஸ், சமூக நல இலாகா என்று மூன்று இடங்களில் பதிகிறார்களே, பிறகு என்ன குறை?

மூன்று இடங்களில் பதிவதுதான் குறை. மருத்துவமனை காயத்தின் வகைப்படி பதிகிறது. போலீஸ் சட்டப் பிரிவின்படி பதிகிறது. சமூக நல இலாகாவோ, 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்கீழ் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு தேவையா என்ற கண்ணோட்டத்தில் பதிகிறது. கை முறிந்து வரும் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காயத்தின் காரணம் என்ற கட்டத்தில் "தவறி விழுந்தது" என்று எழுதிவிட்டால், அந்தப் பிள்ளை துன்புறுத்தல் கணக்கில் எங்குமே தோன்றாது; மருத்துவர் ஐயம் கொண்டு மற்ற இருவருக்கும் தெரிவித்தாலோ, அதே பிள்ளை மூன்று அறிக்கைகளில் மூன்று பிள்ளைகளாகத் தோன்றக்கூடும். இதைச் சரிசெய்ய இரண்டு வேண்டும்: எல்லா இலாகாக்களும் ஏற்கும் ஒரே வகைப்பாடு, ஒரே பிள்ளையை எல்லா ஏடுகளிலும் அடையாளம் காட்டும் ஓர் எண். வகைப்பாட்டைப் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. சிறார் மீதான வன்முறைக்கான அனைத்துலக வகைப்பாட்டை யுனிசெஃப் 2023இல் வெளியிட்டிருக்கிறது. எண்ணுக்கு, பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட் அட்டையின் 12 இலக்க எண் இருக்கிறதே என்பீர்கள். அந்த அட்டை கிடைக்காத பிள்ளைகளை என்ன செய்வது?

தோட்டத்துப் பாட்டி ஒருவர் (பேத்தி எழுதித் தந்தது): என் பேரனுக்குப் பிறப்புப் பத்திரமே எடுக்கவில்லை. அவன் அரசாங்கக் கணக்கில் இருக்கிறானா?

அம்மா, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர் உங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வந்தபோது நீங்கள் அவனைச் சொல்லியிருந்தால், அங்கே ஒரு தலையாக இருப்பான். பிறப்புப் பதிவில் இல்லை. அதை ஆதாரமாகக் கொண்ட எந்தக் கணக்கிலும் இல்லை. தீபகற்ப மலேசியாவில் பிறந்து 60 நாள்களுக்குள் பதிய வேண்டும். அது கடந்துவிட்டாலும் தேசியப் பதிவு இலாகாவில் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. மருத்துவமனைச் சீட்டு, கிளினிக் புத்தகம், தடுப்பூசி அட்டை எதுவாயினும் தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்லுங்கள்.

பெற்றோரின் திருமணத்தையும் கேட்பார்கள். முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருந்தும், கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமையையே சார்ந்தது. தாய் குடிமகள் இல்லையென்றால், தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடலாம். ஐ.நா. சிறார் உரிமை ஒப்பந்தத்தை மலேசியா 1995இல் ஏற்றபோது, பெயர், பிறப்புப் பதிவு, குடியுரிமை பற்றிய 7ஆம் பிரிவுக்கு விலக்கு வைத்தது. அது இன்னும் நீக்கப்படவில்லை. எத்தனை பிள்ளைகள் இந்நிலையில் இருக்கிறார்கள் என்று ஊர்வாரியாகக் காட்ட முடியாதவரை, விலக்கை நீக்கச் சொல்லும் வாதம் பலவீனமாகவே இருக்கும் என்பது என் கருத்து.

இளைஞர் மன்ற உறுப்பினர்: லயம் லயமாகச் சென்று, அடி வாங்கும் பிள்ளைகளை நாங்களே கணக்கெடுக்கலாமா?

வேண்டாம். நல்லெண்ணத்தை ஐயுறவில்லை, ஆனால் அடித்தவர் அடுத்த அறையில் இருக்கும்போது "உன்னை யாராவது அடிக்கிறார்களா?" என்று கேட்டால், நீங்கள் போன பிறகு அந்தப் பிள்ளைக்கு மறுபடி அடி விழும். பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டால் அதை உங்கள் தாளில் வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது: பாலியல் குற்றம் பற்றிய தகவலை மறைத்தால், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்கீழ் 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆசிரியர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சிறார் சட்டம் மருத்துவர், குடும்பத்தார், பராமரிப்பாளர் ஆகியோரையே குறிப்பிட்டுச் சொல்கிறது, இந்த 19ஆம் பிரிவோ எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். கணக்கெடுத்தே ஆக வேண்டுமென்றால், பத்திரம் இல்லாத பிள்ளைகளையும் பள்ளியை விட்டு நின்றவர்களையும் பெரியவர்களிடம் கேட்டு எடுங்கள்.

செம்பனைத் தோட்டத் தொழிலாளி: ஆயாக் கொட்டகையில் விடும் பிள்ளைகள் கணக்கில் வருகிறார்களா?

நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் அல்லது அதற்கு மேல் இருந்தால், 1984ஆம் ஆண்டுச் சிறார் பராமரிப்பு மையச் சட்டப்படி அந்த இடம் பதியப்பட வேண்டும். பதிந்திருந்தால் வருவார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டால் வரமாட்டார்கள்.

ஒரு தாய்: விவரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்தால் எங்கள் பிள்ளை இன்னார் என்று ஊருக்கே தெரிந்துவிடாதா?

நியாயமான அச்சம். ஒரு தோட்டத்தின் பெயருக்கு எதிரே "1" என்று அச்சிட்டால் பெயரை அச்சிட்டதற்குச் சமம். அதனால்தான் சிறிய எண்களை மறைத்தோ பல இடங்களைச் சேர்த்தோ வெளியிட வேண்டும். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்பதையும் மறக்கக்கூடாது. ஏடுகளை இணைக்கச் சொல்கிறவர்கள், யார் எதைப் பார்க்கலாம் என்ற விதியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்: நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுதினால் எதைக் கேட்பது?

"கூடுதல் தரவு வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. முதலில் வயதைக் கேளுங்கள். பல அட்டவணைகள் 15 முதல் 19 வரை ஒரே பிரிவாக வைக்கின்றன. சிறார் உரிமை ஒப்பந்தப்படி 18 நிறையாதவரே சிறார் என்பதால், 17 வயதுப் பிள்ளையும் 19 வயது இளைஞரும் அதில் பிரிக்க முடியாமல் கிடக்கிறார்கள். அடுத்து, பாலினம், இனம், உடற்குறை, குடியுரிமை நிலை ஆகியவற்றின்படி பிரித்துக் கேளுங்கள், ஐ.நா. சிறார் உரிமைக் குழு 2003இல் வெளியிட்ட ஐந்தாவது பொதுக் கருத்துரையே பிரித்துக் காட்டும் தரவை வலியுறுத்துகிறது. மாவட்டத்தோடு நிறுத்தாமல் நாடாளுமன்றத் தொகுதிவாரியாகவும் வேண்டும் என்று எழுதுங்கள். புள்ளிவிவரத் துறை வேறு பல விவரங்களைத் தொகுதிவாரியாக ஏற்கெனவே வெளியிடுவதால், சிறார் விவரத்தை மட்டும் அப்படித் தர இயலாது என்று அவர்கள் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.