டாம்வொர்த்தும் அதிர்ஷ்டமும்

கேள்வி: இங்கிலாந்தின் 2024-25 எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பையில் டாட்டன்ஹாமை 90 நிமிடமும் கோல் அடிக்க விடாமல் நிறுத்திய டாம்வொர்த், கூடுதல் நேரத்தில் 0-3 என்று தோற்றது. சின்ன அணிகளுக்கு மட்டும் அதிர்ஷ்டம் ஏன் கைகொடுப்பதில்லை? கோப்பையை வென்ற கிரிஸ்டல் பேலஸ் பற்றியும் சொல்லுங்கள்.
– வாசகர், களியக்காவிளை

பதில்: பேலஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 மே 17 அன்று வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்றார்கள். 16-வது நிமிடத்தில் பேலஸின் எஸே அடித்த கோல் அது. சிட்டியின் மர்மூஷ் உதைத்த பெனால்டியை பேலஸ் கோல்கீப்பர் ஹெண்டர்சன் தடுத்தார். அந்த கிளப் வாங்கிய முதல் பெரிய கோப்பை. அருமையான ஆட்டம்.

அதிர்ஷ்டத்துக்கு வருவோம். டாம்வொர்த் விஷயத்தில் அதற்கு வேலையே இல்லை. எல்லாம் 2024 ஏப்ரலிலேயே தீர்மானமாகிவிட்டது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கமும் பிரீமியர் லீகும் ஒப்பந்தம் போட்டு, இந்தக் கோப்பையின் முதல் சுற்றிலிருந்தே ரீப்ளேயைத் தூக்கிவிட்டன. ரீப்ளே என்றால், ஆட்டம் சமனில் முடிந்தால் இன்னொரு நாள் எதிரணியின் மைதானத்தில் மறுபடி ஆடுவது. காரணம், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் ஆடும் சாம்பியன்ஸ் லீகில் முதற்கட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் இருந்த 6 ஆட்டம் 8 ஆனது. பெரிய அணிகளுக்கு வாரநடுவில் நாள் போதவில்லை. அதற்காக வெட்டியது சின்ன அணிகளின் ஆட்டத்தை. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று கீழ் டிவிஷன்காரர்கள் கொதித்தது முழுக்க நியாயம்.

அந்த சீசனில் டாம்வொர்த் இங்கிலாந்து லீக் வரிசையின் ஐந்தாம் படியில் ஆடிய அணி. அதன் கோல்கீப்பர் ஜாஸ் சிங்குக்கு கட்டட ஆய்வாளர் வேலை. 2025 ஜனவரி 12 அன்று 90 நிமிடம் முடிந்தபோது 0-0. முந்தைய சீசனின் விதி இருந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்து, ரீப்ளே டாட்டன்ஹாமின் மைதானத்துக்குப் போயிருக்கும். 62,850 பேர் உட்காரும் இடம் அது. இந்தக் கோப்பையில் டிக்கெட் வசூலில் செலவு போக மீதியை 45, 45, 10 என்று பிரிப்பார்கள். இரு அணிக்கும் தலா 45 சதவீதம், பொது நிதிக்கு 10. அங்கே போய் பத்து கோல் வாங்கியிருந்தாலும் அந்த 45 சதவீதம் டாம்வொர்த்துக்குத்தான். அரை மணி நேரக் கூடுதல் ஆட்டத்தில் பறிபோனது அந்தப் பணம்.

அந்தப் பணம் ஒரு கிளப்பை என்ன செய்யும் என்பதற்கு எக்ஸிட்டர் சிட்டி சாட்சி. 2005 ஜனவரியில் கடனில் மூழ்கிக் கிடந்த அந்த அணியை ரசிகர்களின் அறக்கட்டளைதான் நடத்திக்கொண்டிருந்தது. ஓல்ட் டிராஃபோர்டில் 67,000-க்கும் மேற்பட்டோர் பார்க்க, மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று நிறுத்தினார்கள். ரீப்ளேயில் சொந்த ஊரில் 0-2 என்று தோற்றார்கள். தோற்றால் என்ன? இரண்டு ஆட்டத்தின் வருமானம் கிளப்பைக் கரையேற்றியது.

ரீப்ளே முடிவில்லாமல் இழுக்கும் என்பார்கள். 1971-ல் ஆல்வ்சர்ச்சும் ஆக்ஸ்ஃபோர்ட் சிட்டியும் ஒரே தகுதிச் சுற்றை ஆறு ஆட்டம், 11 மணி நேரம் ஆடியது உண்மை. அதை 1991-92-லேயே சரிசெய்துவிட்டார்கள்: ஒரே ஒரு ரீப்ளே, அதிலும் முடிவு வராவிட்டால் பெனால்டி. அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

'அதிர்ஷ்டம்' என்ற சொல்லை நம்மூர் டோர்னமெண்ட் கமிட்டிகளும் விடமாட்டேன் என்கின்றன. பொழியூர், நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் என்று எல்லைக்கு இரு பக்கமும் பந்து உருளாத கடற்கரை உண்டா? கேட்டால் 'பை' கிடைத்த அணி, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் அணி, அதிர்ஷ்டக்கார அணி என்பார்கள். இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதை இன்னொரு முறை எழுதுகிறேன்: பை என்பது வெறும் கழித்தல் கணக்கு. 4, 8, 16, 32 என்ற வரிசையில் உங்கள் அணிகளின் எண்ணிக்கைக்கு அடுத்து வரும் எண்ணை எடுங்கள். 13 அணி வந்தால் 16. பதினாறில் 13 போனால் 3 பை. மீதி 10 அணிக்கு முதல் சுற்றில் 5 ஆட்டம். ஜெயித்த ஐந்தும் பை வாங்கிய மூன்றும் சேர்ந்தால் 8. அதற்குப் பிறகு யாருக்கும் பை கிடையாது.

கோளாறு எங்கே வருகிறது? 13 அணியை அப்படியே ஜோடி சேர்த்து, 6 ஆட்டம் நடத்தி, மிஞ்சிய ஒன்றுக்கு பை கொடுக்கிறார்கள். அடுத்த சுற்றில் 7 அணி, மறுபடி ஒரு பை. அதற்கடுத்து 4. இரண்டாவது பை எந்த அணிக்கு என்பதில்தான் கமிட்டியின் சொந்தக்காரர் அணி நுழைகிறது, கைகலப்பும் தொடங்குகிறது. மூன்று பையையும் ஆட்ட அட்டவணையின் ஒரே பாதியில் அடுக்குவது இன்னொரு தவறு. மேல் பாதியில் இரண்டு, கீழ்ப் பாதியில் ஒன்று என்று பிரித்துவிட்டு, எல்லா அணிகளின் கண் முன்னால் சீட்டு எடுக்க வேண்டும். எஃப்.ஏ. கோப்பையிலும் பெரிய அணிகள் தாமதமாகத்தான் நுழைகின்றன. ஆனால் மேல் இரண்டு டிவிஷனின் 44 கிளப்பும் மூன்றாம் சுற்றில் வந்து, கீழிருந்து ஏறிய 20 கிளப்போடு சேர்ந்து 64 ஆகும் என்பது, சீசன் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ரீப்ளேக்கு நாள் இல்லாத கமிட்டி பெனால்டியையாவது ஒழுங்காக நடத்தட்டும். ஆட்டம் முடியும் நேரத்தில் களத்தில் இருக்க உரிமை உள்ளவர்கள் மட்டுமே உதைக்கலாம். பெனால்டிக்கென்று பெஞ்சிலிருந்து ஒருவரை இறக்கக் கூடாது; காயம்பட்ட கோல்கீப்பருக்கு மட்டும், மாற்று ஆள் இருந்தால், விலக்கு. எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டையில் வெளியேறியிருந்தால் நீங்களும் ஒருவரைக் குறைத்து எண்ணிக்கையைச் சமப்படுத்த வேண்டும். டாஸ் இரண்டு முறை: எந்தப் பக்கக் கோல் கம்பத்தில் உதைப்பது என்பதற்கு ஒன்று, யார் முதலில் உதைப்பது என்பதற்கு ஒன்று. இதையெல்லாம் நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே நோட்டீஸில் அச்சிட்டுக் கொடுங்கள், வசூலைப் பிரிக்கும் சதவீதத்தையும் சேர்த்து.