‘ஈசிஎம் போய்விட்டது’ என்கிறார்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காரின் எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியைப் பட்டறைகளில் ஈசிஎம் என்றும் ஈசியூ என்றும் சொல்கிறோம். அதை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ‘செத்துவிட்டது’ என்று சொல்லி என் மேசைக்கு அனுப்பப்படும் பெட்டிகளில் பழுதே இல்லாதவை நிறைய. வயரிங்கில் இருக்கும் கோளாறைத் தேடாமல் பெட்டியை மாற்றச் சொல்வதால் பலருடைய சேமிப்பு வீணாகிறது. அந்த ஆதங்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கேள்வி (திருச்சி): ஐயா, என்னுடையது 1.3 லிட்டர் டீசல் கார். திடீரென்று ஒருநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. பழுதைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் எஞ்சினோடு தொடர்பே கிடைக்கவில்லை. ‘ஈசிஎம் போய்விட்டது, அரை லட்சம் ஆகும்’ என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள். ஸ்கேனருக்குப் பதில் வரவில்லை என்றால் பெட்டி பேசவில்லை என்றுதான் பொருள். ஏன் பேசவில்லை என்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

சாவியைப் போட்டதும் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவில்லை என்றால் பெட்டிக்கு மின்சாரம் போகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலான கார்களில் ஈசிஎம்முக்கு மூன்று வழிகளில் மின்சாரம் வருகிறது: பேட்டரியிலிருந்து நேரடியாக ஒன்று, சாவி வழியாக ஒன்று, மெயின் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக ஒன்று. பல கார்களில் அந்த ரிலேயை இழுப்பதே ஈசிஎம்தான். அதனால் சாவி வழியாக வரும் ஒரு மெல்லிய வயர் அறுந்தாலே ரிலே இழுக்காது, பெட்டி முழுவதும் செத்தது போலக் கிடக்கும். எலி கடித்த வயர் ஒன்றுக்காகப் புதுப் பெட்டி வாங்கிய கார்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எர்த். மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பெட்டியின் கப்ளரை, அதாவது வயர்கள் வந்து செருகும் இணைப்பை, கழற்றி, 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைப் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஒவ்வொரு எர்த் பின்னுக்கும் நடுவே இணைத்துப் பாருங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். கனமான மின்சார வயர்களையும் இதே போல, பல்பின் மறுமுனையை எர்த்தில் வைத்துச் சோதிக்கலாம். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களில் மட்டும் பல்பை வைத்துவிடாதீர்கள், ஏர்பேக் வெடித்துவிடும்.

இவை சரியாக இருந்தால் சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுக்கும் 5 வோல்ட்டைப் பாருங்கள். ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் கீழே விழுந்து, சில கார்களில் பெட்டியே முடங்கிவிடும். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

கடைசியாக, பேட்டரியைக் கழற்றிவிட்டு 16 பின் ஸ்கேனர் சாக்கெட்டில் 6, 14 பின்களுக்கு இடையே ஓம் அளவிடுங்கள். பல கார்களில் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் கேன் லைன், அதாவது பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் வயர் ஜோடி, எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். இத்தனையும் சரியாக இருந்தும் பெட்டி பேசவில்லை என்றால் அப்போது ஈசிஎம்மைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி (ஈரோடு): ஸ்கேனரில் பி0606 என்று வருகிறது. இது ஈசிஎம் கோளாறு என்று உறுதிதானே?

பதில்: பி0601, பி0605, பி0606 ஆகியவை பெட்டி தன்னைத் தானே சோதித்துப் பார்த்துச் சொல்லும் பழுதுக் குறியீடுகள். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்கும் கீழே போனால் நல்ல பெட்டியும் தடுமாறி இவற்றைப் பதிந்துவிடலாம். நல்ல பேட்டரி போட்டுக் குறியீட்டை அழியுங்கள். மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தும் மீண்டும் வந்தால் பெட்டியைச் சந்தேகிக்கலாம். யு0100 வந்தால் கதை வேறு. ‘ஈசிஎம்மின் குரல் கேட்கவில்லை’ என்று மற்றப் பெட்டிகள் சொல்லும் புகார் அது. அது வந்தால், மேலே திருச்சிக்காரருக்குச் சொன்ன வழியில் போங்கள்.

கேள்வி (சென்னை, வியாசர்பாடி): அண்ணா, புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் அதே பார்ட் எண்ணில் பழைய ஈசிஎம் வாங்கிப் போட்டேன். ஒரு விநாடி ஓடி அணைந்துவிடுகிறது. டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: தம்பி, பெட்டி நல்லதாகவே இருக்கலாம். உங்கள் சாவிக்குள் இருக்கும் சிப்பை அது அறியாது, அவ்வளவுதான். இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு) உள்ள காரில் சாவி, இம்மொபிலைசர் பெட்டி, ஈசிஎம் மூன்றும் ஒரே ரகசிய எண்ணால் கட்டப்பட்டவை. வேறு காரின் ஈசிஎம் வந்தால் எஞ்சின் ஓடி உடனே நிற்கும், அல்லது ஓடவே ஓடாது.

இரண்டு வழிகள் உண்டு. அந்தப் பழைய காரின் ஈசிஎம், இம்மொபிலைசர், சாவி மூன்றையும் சேர்த்து வாங்கிப் பொருத்தலாம். அதைவிடச் சிறந்தது, உங்கள் பழுதான பெட்டியின் நினைவகத்தைப் படித்து அப்படியே புதியதில் எழுதுவது. பழுது மின்சாரப் பகுதியில் இருந்து நினைவகம் பிழைத்திருந்தால் இது நடக்கும். சேஸிஸ் எண்ணும் சேர்ந்தே வந்துவிடும்.

வாங்கும்போது பார்ட் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒத்துப்பாருங்கள். மென்பொருள் எண்ணும் பொருந்த வேண்டும். ஒரே மாடலில் பிஎஸ்4, பிஎஸ்6 என்ற வெவ்வேறு புகை விதிகளுக்கான பெட்டிகள் வெளியே ஒன்று போலத் தோன்றும், உள்ளே வேறு. பில் கொடுக்காத கடையில் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பெட்டி உங்கள் காரில் இருக்க வேண்டாம்.

கேள்வி (கோவை): என் பெட்ரோல் காரில் இரண்டாவது சிலிண்டரில் ஸ்பார்க் இல்லை. ஈசிஎம் மாற்றினோம். ஒரு மாதத்தில் அதே சிலிண்டர் மீண்டும் செத்துவிட்டது. தயாரிப்பே மோசமா?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன். பெட்டி ஏன் செத்தது என்று கேட்காமல் மாற்றினால் இப்படித்தான் நடக்கும்.

ஸ்பார்க்கை உண்டாக்கும் இக்னிஷன் காயில்களில் இரண்டு வயர் மட்டும் உள்ள வகையில், காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடுவது ஈசிஎம்முக்குள் இருக்கும் ஒரு டிரான்சிஸ்டர். காயிலுக்குள் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தேவைக்கு மேல் மின்சாரம் பாய்ந்து அந்த டிரான்சிஸ்டர் எரிகிறது. நீங்கள் புதுப் பெட்டி போட்டீர்கள், காயில் பழையதே. அது இரண்டாவதையும் தின்றுவிட்டது.

நான்கு காயில்களின் பிரைமரி ஓமையும் (முதல் சுருளின் மின்தடை) ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதை உடனே தூக்கிப் போடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதும் அளவிடுங்கள். குளிரில் ஒழுங்காக இருந்து சூட்டில் ஷார்ட் ஆகும் காயில்கள் உண்டு. தேய்ந்து இடைவெளி பெருத்த ஸ்பார்க் பிளக்கும் காயிலைக் கொல்லும். ஈசிஎம் இயக்கும் மற்றவற்றையும் பாருங்கள்: எரிபொருளைத் தெளிக்கும் சாதாரண பெட்ரோல் இன்ஜெக்டர் என்றால் 12 முதல் 16 ஓம் வரை இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டரையும் விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது சார்ஜிங் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது வழக்கம். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்நேட்டரைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டியின் அட்டையைக்கூடப் பிரிக்காதீர்கள்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கார் இருக்கை வரை நனைந்தது. காய்ந்த பின் ஓடியது. ஓராண்டுக்குப் பிறகு இப்போது நடுவழியில் அணைந்துவிடுகிறது. காப்பீடு கிடைக்குமா?

பதில்: அம்மா, வெள்ளச் சேதம் விரிவான பாலிசியில் அடங்கும், ஆனால் அப்போதே கேட்டிருக்க வேண்டும். பின்னாளில் தனியாக வரும் மின்பழுதை வழக்கமான பாலிசி ஏற்பதில்லை. பழைய ஆய்வாளர் அறிக்கை கையில் இருந்தால் அதோடு ஒருமுறை விண்ணப்பித்துப் பாருங்கள்.

பழுது எங்கே என்று ஊகிக்க முடிகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஈசிஎம் கப்ளரை இழுத்துப் பாருங்கள். பின்களில் பச்சை படிந்திருந்தால் அதுதான் காரணம். தண்ணீர் வயர் உறைக்குள்ளேயே ஊர்ந்து வந்து பெட்டிக்குள் புகும். பச்சை லேசாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, காயவைத்துக் காப்பாற்றலாம். பீங்கான் தகட்டில் முடியளவு அலுமினியக் கம்பிகளால் கட்டிய பெட்டி என்றால் சாலிடர் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அப்போது கப்ளரின் பெண் முனைகளையும் மாற்றச் சொல்லுங்கள். பச்சை பிடித்த முனையில் புதுப் பெட்டியைச் செருகினால் பணம் பாழ்.

கேள்வி (நாகர்கோவில்): ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஈசிஎம் போயிருக்குமா?

பதில்: முதலில் மெயின் ஃப்யூஸைப் பாருங்கள். பல பெட்டிகளில் தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கும் ஒரு டயோடு இருக்கும். அது மட்டும் போயிருந்தால், அதை மாற்றினாலே பெட்டி உயிர் பெறலாம். ஆல்டர்நேட்டர் டயோடுகளையும் சோதியுங்கள்.

கேள்வி (சேலம்): பிஎஸ்6 டீசல் காரில் புது ஈசிஎம் போட்டோம். ஓடுகிறது, ஆனால் தட்டுகிறது, புகைகிறது. எங்கே தவறு?

பதில்: இன்ஜெக்டர் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் தயாரிப்பில் எவ்வளவு விலகியது என்பதைச் சொல்வது அது. ஸ்கேனரால் அந்தக் குறியீடுகளைச் சிலிண்டர் வரிசை மாறாமல் புதுப் பெட்டிக்குள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எரிபொருள் அளவு தவறும். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் சேர்ந்திருக்கும் சாம்பல் கணக்கையும் பழைய பெட்டியிலிருந்து மாற்றுங்கள். புதுப் பெட்டி வடிகட்டி காலியாக இருப்பதாக நம்பினால், அடைத்துக்கொண்ட பிறகுதான் விழிக்கும்.

கேள்வி (மதுரை): மெக்கானிக் வேலை கற்கும் மாணவன் நான். மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: தம்பி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுப் பிறகு கப்ளரில் கை வை. பின்களை விரலால் தொடாதே. மென்பொருள் ஏற்றும்போது காரின் பேட்டரியை மட்டும் நம்பாமல் 13 வோல்ட்டுக்கு மேல் நிலையாகக் கொடுக்கும் சப்ளையை இணை; விளக்கு, விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிடு. பாதியில் வோல்ட் விழுந்தால் நல்ல பெட்டியும் எழுந்திருக்காது. முடிந்ததும் த்ராட்டில் லேர்னிங் (காற்று வால்வின் நிலையைப் பெட்டிக்குக் கற்றுக்கொடுப்பது) செய்து, சூட்டிலும் குளிரிலும் ஓட்டிப் பார். வாடிக்கையாளர் நிம்மதியாகச் சில வாரம் ஓட்டும் வரை பழைய பெட்டியைக் கழிவுக்குப் போடாதே. விடுபட்ட ஒரு குறியீடு தேவைப்பட்டால் அது அங்கே மட்டும்தான் இருக்கும்.