மேசைக்கு அடியில் ட்ரெட்மில்: வாங்குவதற்கு முன் முழங்கையை அளந்து பாருங்கள்

எங்கள் பெங்களூருத் தமிழ்க் குழுவில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். நடந்துகொண்டே வேலை செய்ய உதவும் சின்ன ட்ரெட்மில்லைப் பற்றி ஆளாளுக்கு என்னைத் தனித்தனியாகக் கேட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கேள்விகளையும் ஒரே இடத்தில் வாங்கிப் பதில் எழுதியிருக்கிறேன். பீன்யா தொழிற்பேட்டையில் மோட்டார் கன்ட்ரோலர் வடிவமைக்கும் வேலையில் 11 வருடம் இருந்தவள் நான். 2020 முதல் வீட்டிலிருந்து வேலை. தினமும் இரண்டு மணி நேரமாவது இதன் மேல்தான் நடக்கிறேன். இப்போது இருப்பது என்னுடைய இரண்டாவது இயந்திரம்.

பெல்லந்தூரிலிருந்து: அக்கா, 15,000 ரூபாய்க்குள் பார்க்கிறேன். மோட்டார் 2.5 எச்.பி. (குதிரைத்திறன்), 3 எச்.பி. என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எச்.பி. அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

தம்பி, அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரு எச்.பி. என்பது 746 வாட். 2.5 எச்.பி. மோட்டார் என்றால் 1,865 வாட் தரவேண்டும். ஆனால் அந்த இயந்திரத்தோடு வருவது பெரும்பாலும் சாதாரண 6 ஆம்பியர் ப்ளக். நம் வீட்டு 230 வோல்ட்டில் அதன் வழியாக 1,380 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. கணக்கு இடிக்கிறது, இல்லையா? பெட்டியில் போடுவது 'பீக்' அளவு, அதாவது ஒரு கண நேரத்துக்கு மோட்டார் எட்டிப் பிடிக்கும் உச்சம். உங்களுக்கு வேண்டியது தொடர்ந்து ஓடும்போது தரும் அளவு. விற்பவரிடம் 'கன்டினியுவஸ் எவ்வளவு?' என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் மோட்டார் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 550 முதல் 750 வாட் வரை இருந்தால் மெதுவான நடைக்குத் தாராளம்.

நான் முதலில் வாங்கியதில் 3 எச்.பி. என்று ஸ்டிக்கர் இருந்தது. நான்கு மாதத்தில், இருபது நிமிடம் நடந்தாலே தானாக நின்றுவிடும். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டார் தகட்டில் 370 வாட் என்று இருந்தது, அதாவது அரை எச்.பி. இத்தனை வருடம் மோட்டாரோடு பழகிய நானே ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கியிருக்கிறேன் என்று அன்றைக்கு மனது மிகவும் கஷ்டப்பட்டது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வேகமாக ஓடும்போதுதான் மோட்டாருக்குச் சிரமம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வகை இயந்திரத்தில் மெதுவாக நடப்பதுதான் சிரமம். ஒவ்வொரு அடியிலும் உங்கள் முழு எடையும் பெல்ட்டைப் பலகையோடு அழுத்திப் பிடிக்கிறது, மோட்டார் அதை இழுத்தாக வேண்டும். வேகம் குறைவு என்பதால் மோட்டாரோடு சேர்ந்து சுற்றும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு வெளியே போகாது. ஆகவே கையேட்டில் 'தொடர்ந்து எத்தனை நிமிடம்' என்று போட்டிருப்பதைப் படியுங்கள். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். பிரஷ்லெஸ் மோட்டார் உங்கள் விலைக்குள் கிடைத்தால் அதையே எடுங்கள். சத்தம் குறைவு, கார்பன் பிரஷ் தேய்ந்து மாற்றும் வேலையும் இல்லை.

எடை வரம்பையும் ஒட்டிப் போகாதீர்கள். 100 கிலோ வரை தாங்கும் என்றால் 80 கிலோ வரை உள்ளவர்களுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: என் உயரம் 182 செ.மீ. எந்த மாடல் வாங்கலாம்?

மாடலை அப்புறம் பார்க்கலாம். உங்கள் மேசை எவ்வளவு உயரம்? இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. வாங்கி வைத்த இயந்திரம் மூன்றாவது வாரமே கட்டிலுக்கு அடியில் போய்விடுவதற்கு, நான் பார்த்த வீடுகளில் எல்லாம், மேசைதான் காரணம்.

ஷூ போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். கையை எல் வடிவில் மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை வீட்டில் யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்துக்கு ஏறக்குறைய 117 செ.மீ. வரும். அதோடு இயந்திரத்தில் நீங்கள் நிற்கும் இடத்தின் உயரத்தைக் கூட்டுங்கள், பெரும்பாலும் 10 முதல் 13 செ.மீ. ஆக மேசைப் பலகை 128 செ.மீ. பக்கம் இருக்கவேண்டும். பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் மேசைகள் பலவும் 118, 120 செ.மீ.யோடு நின்றுவிடும். அந்த எட்டு செ.மீ. குறைந்தால் தோள் குனியும், மணிக்கட்டு மடங்கும், ஒரு வாரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு அந்த மேசையின் மேல் ஒரு சின்ன மரப்பலகை மேடை தேவைப்படும். தச்சரிடம் சொன்னால் செய்து கொடுத்துவிடுவார்.

லேப்டாப்பை மட்டும் வைத்து வேலை செய்தால் எந்த உயரமும் சரிவராது. கைக்குச் சரியாக வைத்தால் கண் கீழே போகும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் கை மேலே போகும். தனி கீபோர்டு, மவுஸ் கட்டாயம். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வரட்டும்.

பெல்ட்டைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் மொத்த இயந்திரத்தின் நீளம். நடக்கும் பகுதியின் நீளத்தைக் கேளுங்கள். உங்களுக்கு 115 செ.மீ.க்குக் குறையாமல் வேண்டும். அகலம் 42 செ.மீ.யாவது இருக்கட்டும். 40 செ.மீ. பெல்ட்டில் பார்வை திரையில் இருக்கும்போது கால் ஓரத்தில் பட்டுவிடுகிறது.

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து: நடந்துகொண்டே உண்மையிலேயே டைப் செய்ய முடியுமா அக்கா? நான் கோடிங் செய்பவள்.

முடியும், ஆனால் எல்லா வேலைக்கும் இல்லை. மணிக்கு 1.5 முதல் 2 கி.மீ. வேகத்தில் ஆரம்பியுங்கள். முதல் வாரம் பிழை அதிகம் வரும், அப்புறம் கை பழகிவிடும். மின்னஞ்சல், மற்றவர் எழுதிய கோடிங்கைப் படித்துப் பார்ப்பது, கேட்க மட்டும் செய்யும் மீட்டிங், இவற்றுக்கு நடை அருமை. மவுஸை நுணுக்கமாக நகர்த்தும் வேலை, சிக்கலான பிழை தேடல், இவற்றை நான் உட்கார்ந்துதான் செய்கிறேன். நீங்கள் பேசவேண்டிய மீட்டிங்கில் வேகத்தை 2க்கு மேல் வைக்காதீர்கள், மூச்சு வாங்குவது எதிர்முனையில் கேட்கும். முதல் நாளே இரண்டு மணி நேரம் நடக்கவேண்டாம். இருபது நிமிடம் போதும். இறங்கியவுடன் தரை நகர்வது போல் ஒரு நொடி இருக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு நகருங்கள்.

பி.டி.எம். லேஅவுட்டிலிருந்து: ஒரே அறை, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சரிவருமா?

கைப்பிடி இல்லாத தட்டை மாடலாகப் பாருங்கள், 20 கிலோ பக்கம் கிடைக்கும். சக்கரம் வைத்தது, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். மாடி வரை கொண்டுவந்து கொடுப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: கீழ் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களோ என்று பயமாக இருக்கிறது.

எனக்கு நடந்தது இது. கீழ் வீட்டில் இருக்கும் கன்னட அம்மா ஒருநாள் மேலே வந்தார். கோபப்படவில்லை. "காலையில் யாரோ உரலில் இடிப்பது போல் இருக்கிறது, உங்கள் வீட்டில் எதாவது வேலை நடக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு மோட்டார் சத்தம் கேட்கவே இல்லை என்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைத்திருந்தேன். கீழே போவது மோட்டார் சத்தம் இல்லை, நம் குதிகால் விழும் அதிர்வு. அது தளத்தின் வழியாக இறங்கும்.

மூன்று மாற்றம் செய்தேன். 12 மி.மீ. கெட்டியான ரப்பர் பாய் விரித்தேன். அறையின் நடுவில் இருந்த இயந்திரத்தைப் பீம் ஓடும் சுவரோரம் நகர்த்தினேன். தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும், பீமின் பக்கத்தில் குறைவு. வெறுங்காலை விட்டுவிட்டு மெத்தென்ற அடியுள்ள ஷூ போட்டேன். வீட்டுக்குள் ஷூவா என்று மாமியார் முகம் சுளித்தார். வாசல் தாண்டாத தனி ஜோடி என்று சொன்னதும் சரி என்றார். அப்புறம் கீழே போய் அந்த அம்மாவோடு உட்கார்ந்து, மேலே என் மகளை நடக்கவிட்டுக் கேட்டேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். காலை ஏழுக்கு முன்னும் இரவு பத்துக்குப் பின்னும் வேண்டாம்.

அல்சூரிலிருந்து: அம்மா, எனக்கு 67 வயது. சர்க்கரை இருக்கிறது. மகன் இதை வாங்கித் தருவதாகச் சொல்கிறான்.

ஐயா, இது உங்களுக்கான இயந்திரம் இல்லை என்று தயங்காமல் சொல்கிறேன். இதில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. நீண்டநாள் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு குறையலாம், பெல்ட் ஓரத்தில் கால் படுவதே தெரியாமல் போகும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிட நடை சர்க்கரைக்கு நல்லதுதான், அதை அல்சூர் ஏரிக்கரையிலோ உங்கள் தெருவிலோ நடங்கள். வீட்டில்தான் வேண்டும் என்றால் இருபக்கமும் நீளமான கைப்பிடி உள்ள ட்ரெட்மில்லாக, டாக்டரிடம் காலைக் காட்டிய பிறகு வாங்கச் சொல்லுங்கள்.

ஜெயநகரிலிருந்து: எடை குறையுமா?

2007ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் உடல் பருமன் உள்ள 15 அலுவலக ஊழியர்களை வைத்து அளந்தார்கள். உட்கார்ந்து வேலை செய்யும்போது மணிக்கு 72 கலோரி, ஏறக்குறைய 1.8 கி.மீ. வேகத்தில் நடந்துகொண்டே செய்யும்போது 191 கலோரி. வித்தியாசம் 119. சட்னி சேர்க்காமல் இரண்டு இட்லிக்கு ஈடு என்று வையுங்கள். எடை குறைவானவர்களுக்கு இதுவும் குறையும். இதை மட்டும் நம்பி எடை குறைக்க முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று சொல்கிறதே, அந்தக் கணக்கிலும் 2 கி.மீ. வேக நடை சேராது. ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்கார்வதை உடைக்கத்தான் இது. எனக்குச் சாயங்காலம் வரும் இடுப்பு இறுக்கம் போனது, எனக்கு அதுவே போதும். கப்பன் பார்க்கில் வேக நடையை இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

மாரத்தஹள்ளியிலிருந்து: கரண்ட் பில் எகிறுமா? கிருக ஜோதியில் (200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரும் கர்நாடக அரசுத் திட்டம்) இருக்கிறோம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

மெதுவாக நடக்கும்போது 200 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் இரண்டு மணி நேரம், மாதம் 25 நாள், மொத்தம் 10 யூனிட். பெரிய செலவு இல்லை. ஆனால் ஏற்கெனவே 195 யூனிட்டில் நிற்கிற வீடு என்றால் யோசியுங்கள். 200 தாண்டினால் முழு பில்லும் நம் தலையில்.

இன்வெர்ட்டரில் வேண்டாம். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்டைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காமல் போகலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம், நேராகச் சுவர் ப்ளக்கில் செருகுங்கள். பழைய வாடகை வீடுகளில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கும், எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிட்டு ஓட்டுங்கள்.

சர்ஜாப்பூர் சாலையிலிருந்து: வீட்டில் நாலு வயதுப் பையன்.

அவன் விழித்திருக்கும்போது ஓட்டாதீர்கள், கதவைத் தாழ் போட முடிந்தால் ஒழிய. பின்புற ரோலருக்கும் தரைக்கும் இடையே இருக்கும் இடுக்குதான் ஆபத்து. 2021ல் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் தன் ட்ரெட் பிளஸ் ட்ரெட்மில்லைத் திரும்பப் பெற்றது. காரணம், குழந்தைகள் பின்புறம் அடியில் இழுக்கப்பட்டார்கள், ஒரு குழந்தை இறந்துபோனது. அது பெரிய இயந்திரம்தான், ஆனால் சின்னதிலும் விரல் போகும். நடந்து முடித்ததும் ப்ளக்கைப் பிடுங்குங்கள். ரிமோட் அவன் கைக்கு எட்டக்கூடாது.

கோரமங்களாவிலிருந்து: பெல்ட்டுக்கு எண்ணெய் போடவேண்டுமாமே. தேங்காய் எண்ணெய் போடலாமா?

வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், துருப்பிடித்ததற்கு அடிக்கும் ஸ்ப்ரே எதுவும் கூடாது. ட்ரெட்மில்லுக்கான சுத்தமான சிலிகான் ஆயில் மட்டும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைத் தூக்கி அடியில் விரலை விட்டுப் பாருங்கள். வழுவழுப்பு இல்லாமல் வறண்டிருந்தால் போடும் நேரம் வந்துவிட்டது. என் அளவு நடைக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை போடுகிறேன்.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பயப்படாதீர்கள். எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துப் பின்புற போல்ட்டை ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) வலஞ்சுழியாகக் கால் சுற்று திருகுங்கள். இரண்டு நிமிடம் ஆளில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று.

கே.ஆர். புரத்திலிருந்து: பழையது வாங்கலாமா? ஊரை விட்டுப் போகிறவர்கள் பாதி விலைக்குத் தருகிறார்கள்.

நல்ல யோசனை. நேரில் போய், உங்கள் எடையோடு முப்பது நிமிடம் நடந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதாது, மோட்டார் சூடான பிறகுதான் குறை தெரியும். நடக்கும்போது பெல்ட் ஒவ்வொரு அடிக்கும் தயங்கி நின்று நகர்ந்தாலோ, கருகல் வாசனை வந்தாலோ, பெல்ட்டின் அடிப்பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள்.

மறுபடி பெல்லந்தூர்: அக்கா, இப்போதுதான் அளந்தேன். ஷூவோடு முழங்கை 106 செ.மீ. என் மேசை 75 செ.மீ. நாளை ஆர்டர் போடுவதாக இருந்தேன்.

ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் தம்பி. 106ஓடு 12 சேர்த்தால் 118. உங்கள் மேசைக்கு இன்னும் 43 செ.மீ. உயரம் வேண்டும். மேசை மேல் வைத்து ஏற்றும் ஸ்டாண்டு ஒன்று வாங்குங்கள், அவ்வளவு ஏறுமா என்று கேட்டு வாங்குங்கள். அதில் இந்த வாரம் முழுக்க, முழங்கை மட்டத்துக்கு வைத்து, வெறும் தரையில் நின்றபடி தினம் ஒரு மணி நேரம் வேலை செய்யுங்கள். மேசைக்கு அடியில் குறுக்குச் சட்டம் காலில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த ஞாயிறு எப்படி இருந்தது என்று எழுதுங்கள், மோட்டார் தகட்டின் படத்தையும் வாங்கி வையுங்கள். சேர்ந்து பார்த்து முடிவு செய்யலாம்.