அறுபது பேர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு ஜீரோ டிரஸ்ட் தேவையா? எங்கே தொடங்குவது?

கேள்வி கேட்டவர் ஒரு சிறிய ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பொறுப்பில் இருக்கிறார். யாரையும் முன்கூட்டியே நம்பிவிடாமல் ஒவ்வொரு முறையும் சோதித்தே உள்ளே விடும் கணினிப் பாதுகாப்பு முறையான ஜீரோ டிரஸ்டுக்கு மாறலாம் என்றதும் அவருடைய முதலாளி, “இருபது வருடமாகக் கூடவே இருப்பவர்களைச் சந்தேகப்படச் சொல்கிறாயா?” என்று கேட்டுவிட்டாராம்.

என்னிடமும் இதே கேள்வி வந்தது, கொஞ்சம் சத்தமாகவே வந்தது. மண்டபம் பக்கம் நண்டும் கணவாயும் பதப்படுத்தி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் ஏழு வருடமாக இருக்கிறேன். கணினி, நெட்வொர்க், கேமரா, சில நாள் ஜெனரேட்டர் வரை என் தலையில்தான். அன்று முதலாளிக்கு நான் சொன்ன பதில்: டோக்கன்.

ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மீன்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்க வேண்டும். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அப்பா காலத்துப் பழக்கமாகவே இருக்கட்டும், போன தடவை வாங்கிய டோக்கனைக் காட்டி இன்று படகை எடுக்க முடியாது. பலத்த காற்று வீசும் என்று எச்சரிக்கை வந்துவிட்டால், அதே ஆள், அதே படகு, அதே பதிவு எண்தான், ஆனாலும் டோக்கன் கிடையாது. என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று எவரும் சண்டைக்குப் போவதில்லை. ஜீரோ டிரஸ்டும் இதுதான். யார், எந்தக் கருவியிலிருந்து, எதைத் தொட வருகிறார், இந்த நேரத்தில் நிலைமை எப்படி என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, அந்த வேலைக்கு மட்டும் வழிவிடுவது.

பழைய முறை மதில் சுவர். வெளியே இருப்பவன் அந்நியன், உள்ளே வந்துவிட்டவன் நம் வீட்டுப் பிள்ளை. 2010இல் ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் இந்த நினைப்புதான் கோளாறு என்று எழுதி, ஜீரோ டிரஸ்ட் என்ற பெயரைப் பரப்பினார். 2009இல் தன் மீது நடந்த ஊடுருவலுக்குப் பிறகு கூகுள் ‘பியாண்ட்கார்ப்’ என்ற பெயரில் இதைத் தன் அலுவலகங்களிலேயே செய்து காட்டியது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட 800-207 என்ற ஆவணம் இலவசமாகவே கிடைக்கிறது. ஜீரோ டிரஸ்ட் பெட்டி ஒன்று இருக்கிறது, மாட்டினால் போதும் என்று விற்க வருபவரிடம் பேசுவதற்கு முன் அதன் முதல் சில பக்கங்களையாவது படித்துவிடுங்கள். இது கடையில் வாங்குகிற சரக்கு அல்ல.

எங்கள் முதலாளி டோக்கன் கதையைக் கேட்டுச் சிரித்தார், அனுப்பிவிட்டார். அவர் மனம் மாறியது ஒரு திங்கட்கிழமை காலையில்.

நண்டு எடை போடும் அறையில் ஒரு பழைய கணினி உண்டு. ஈரம் படாமலிருக்க விசைப்பலகைக்குப் பிளாஸ்டிக் உறை, திரையின் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதிய சீட்டு, அது நனையாமலிருக்க அதன் மேல் செலோடேப். அன்று காலை திரையில் பில் போடும் மென்பொருள் இல்லை, பணம் கேட்டு மிரட்டல் கடிதம் இருந்தது. கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன. பேக்கப் எடுக்கும் டிஸ்க்கைக் கழற்றாமல் கணினியிலேயே செருகி வைத்திருந்தோம், அதுவும் போயிற்று. மேசை டிராயரில் கிடந்த இன்னொரு டிஸ்க்தான் காப்பாற்றியது, மூன்று வாரம் பழையது. பணம் கொடுக்கவில்லை. இடைப்பட்ட கணக்கைக் கார்பன் தாள் பில் புத்தகங்களைப் பார்த்து மறுபடி ஏற்ற ஒன்பது நாள் ஆனது.

திருடன் வந்த வழி எங்கள் ஆட்கள் அல்ல. குளிர்பதன அறையைப் பராமரிக்கும் வெளியூர் நிறுவனம், தூரத்திலிருந்தே வெப்பநிலையைப் பார்ப்பதற்காக ஒரு மென்பொருளை நிறுவி, எப்போதும் திறந்தே வைத்திருந்தது. அவர்களுடைய பாஸ்வேர்டு எங்கோ களவு போயிருக்கிறது. குளிர்பதன அறையும் கணக்கு அறையும் ஒரே நெட்வொர்க்கில் இருந்ததால் அங்கிருந்து இங்கு வர ஒரு தடையும் இல்லை. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டை விவரங்கள் திருடுபோனதும் குளிர்பதனப் பணி செய்த ஒப்பந்ததாரர் ஒருவரின் கணக்கு வழியாகத்தான். அதை நான் முன்பே படித்திருந்தேன். படித்து என்ன, நம் ஊரில் யார் வரப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி இப்படிப்பட்ட சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், யார் எப்போது நுழைந்தார் என்பது போன்றவற்றைக் கணினிகள் குறித்துவைக்கும் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எங்கள் ரூட்டரில் இருந்தது நான்கு நாள் பதிவு.

எங்கே தொடங்குவது என்றால், எண்ணுவதில் தொடங்குங்கள். நாங்கள் எண்ணியபோது அறுபது பேருக்கு 94 கணக்குகள் இருந்தன. அவற்றில் 19, வேலையை விட்டுப் போனவர்களுடையவை. ஒருவர் கல்ஃபுக்குப் போயே மூன்று வருடம். இவற்றை மூடப் பத்துப் பைசா செலவில்லை.

அடுத்து, பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது அடையாளச் சோதனை. புத்தகத்தில் எளிதாகத் தோன்றும், எங்கள் இடத்தில் படாத பாடு. பதப்படுத்தும் கூடத்துக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை, ஆகவே ஓடிபி வராது. கைரேகைக் கருவி வாங்கினேன். நாள் முழுக்க ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறி விரல் சுருங்கிப்போன அக்காவின் ரேகையை அது ஏற்கவே இல்லை. நான்கு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தப் பெட்டிக்குப் பத்து வருடம் வேலை பார்த்த கை தெரியவில்லையா?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் யுஎஸ்பியில் செருகும் சிறிய பாதுகாப்புச் சாவி வாங்கி, அடையாள அட்டைக் கயிற்றிலேயே கோத்துக் கொடுத்தோம். போலி இணையப் பக்கத்தில் இந்தச் சாவி வேலை செய்யாது என்பதால், ஓடிபியை விடவும் இது மேல்.

நெட்வொர்க்கை நான்காகப் பிரித்தேன்: கேமரா, குளிர்பதனம், எடை அறை, அலுவலகம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தேவையான வழி மட்டும். பராமரிப்புக்காரர்கள் இப்போது போன் செய்தால்தான் இரண்டு மணி நேரத்துக்குத் திறக்கும், பிறகு தானே மூடிக்கொள்ளும். இந்த வேலைகளை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் செய்தோம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வரத்துக் குறைவு, நடுவில் எதாவது நின்றுபோனாலும் யாரும் கத்த மாட்டார்கள். உங்கள் தொழிலிலும் அப்படி ஒரு மந்தமான பருவம் இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் இணையம் அறுந்தால் சோதித்து அனுமதிக்கும் சேவையே எட்டாமல் போய், நாமே வெளியே நிற்க நேரிடும். அதற்காக அவசரக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டை உறையிலிட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டுப் பெட்டகத்தில் வைத்திருக்கிறோம். இதுவரை இரண்டு முறை பிரித்திருக்கிறோம்.

உங்கள் முதலாளிக்கு ஒன்று சொல்லுங்கள்: முதலில் குறைக்க வேண்டியது அவருடைய அதிகாரத்தைத்தான். எங்களிடம் எல்லாக் கோப்பையும் அழிக்கக்கூடிய கணக்கு முதலாளியிடமே இருந்தது, அதே கணக்கில்தான் அவர் மின்னஞ்சலும் பார்த்தார். அதைச் சாதாரணக் கணக்காக மாற்ற இரண்டு மாதம் பேச வேண்டியிருந்தது. அவர் மகன் துபாயிலிருந்து எங்களிடம் பதிவு செய்யாத புது மடிக்கணினியில் நுழையப் பார்த்து, முடியாமல், இரவு பதினொரு மணிக்கு என்னைத் திட்டினார். காலையில் பதிவு செய்து கொடுத்தேன்.

இன்னும் முடியவில்லை. குளிர்பதன அறையின் கட்டுப்பாட்டுக் கருவியில் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றவே வழியில்லை. அதைத் தனி அறையில் பூட்டியதுபோல் தனி நெட்வொர்க்கில் வைத்திருக்கிறேன். புதுக் கருவிக்கு விலை கேட்டிருக்கிறோம், அடுத்த தடைக்காலத்துக்குள் வாங்கித் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.