போர்த்மடோக்: ஒதுக்கப்பட்ட ஆறு தோண்டிய துறைமுகம் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, வேல்ஸில் இருக்கும் போர்த்மடோக் ரொம்பப் பழைய துறைமுகமா?

பதில்: இல்லை தம்பி. 1800-இல் அங்கே அப்படி ஓர் ஊரே கிடையாது. வடமேற்கு வேல்ஸில் கிளாஸ்லின் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் அது. ஓதம் ஏறினால் கடல், வற்றினால் மணலும் சேறும். 1798-இல் வில்லியம் மேடாக்ஸ் என்பவர் அந்தப் பக்கம் நிலம் வாங்கினார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். கதை அவரிடம்தான் தொடங்குகிறது.

கேள்வி: துறைமுகம் கட்டுவதுதான் அவர் திட்டமா?

பதில்: முதலில் அது அவர் மனதிலேயே இல்லை. கடலிடமிருந்து விளைநிலத்தை மீட்க வேண்டும், லண்டனிலிருந்து டப்ளின் போகிறவர்களைத் தன் ஊர் வழியாக வரவைக்க வேண்டும் என்பதே ஆசை. அதற்காக ட்ரெமடோக் என்ற சிற்றூரை எழுப்பினார். ஆனால் அயர்லாந்துக் கப்பல்கள் ஹோலிஹெட் துறைமுகத்துக்கே போய்விட்டன.

நிலத்தை மீட்க, முகத்துவாரத்தின் குறுக்கே ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்குக் கரை போட்டார். ‘கோப்’ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். 1808-இல் தொடங்கிய வேலை 1811-இல் முடிந்தது. விருந்தும் விழாவும் நடந்தன. 1812 பிப்ரவரியில் புயல் வந்து கரையை உடைத்தது. அக்கம்பக்கத்து மக்கள் ஆளும் குதிரையுமாக வந்து உதவினார்கள். அதே ஆண்டில் பின்னர் ட்ரெமடோக்கில் குடியேறிய கவிஞர் ஷெல்லியும் நிதி திரட்டினார். 1814-இல் கரை சீரானது. மேடாக்ஸ் கடனில் மூழ்கியிருந்தார்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கரை தடுத்ததால் கிளாஸ்லின் ஒரு ஓரமாக ஒதுங்கி, மதகு வழியாக வேகமாகப் பாய்ந்தது. அந்த வேகம் மணலை அரித்துக் கப்பல் வரும் அளவுக்கு ஆழத்தைத் தந்தது. யாரும் திட்டமிடாமலே துறைமுகத்துக்கு இடம் கிடைத்துவிட்டது! 1821-இல் நாடாளுமன்ற அனுமதி வாங்கி, சில ஆண்டுகளில் துறையையும் கட்டி முடித்தார்கள்.

கேள்வி: அந்தத் துறையிலிருந்து கப்பலேறிய, கூரை வேயும் சிலேட்டுக்கல் எங்கிருந்து வந்தது சார்?

பதில்: மலைமேல் உள்ள பிளைனாய் ஃபெஸ்டினியோக் சுரங்கங்களிலிருந்து. முன்பெல்லாம் துய்ரிட் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, படகில் ஏற்றி, கடலில் நிற்கும் கப்பலுக்கு மாற்ற வேண்டும். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் கூலி, கல்லும் உடையும். 1836-இல் ஃபெஸ்டினியோக் ரயில் பாதை வந்ததும் அந்தத் தொல்லை போனது. இருப்புப்பாதையின் அகலம் இரண்டு அடிகூடக் கிடையாது. கல் ஏற்றிய பெட்டிகள் மலையிலிருந்து தன் பாரத்திலேயே உருண்டு, கோப் வரை இறங்கின. வெற்றுப் பெட்டிகளை மேலே இழுப்பது குதிரைகள். இறங்கும்போது அவற்றுக்கும் தனிப் பெட்டி உண்டு! 1863-இல் நீராவி இன்ஜின் வந்தது. 1873-இல் மட்டும் சுமார் 1,16,000 டன் கல் இந்தத் துறையிலிருந்து கப்பல் ஏறியது.

கேள்வி: அவ்வளவு கல்லையும் யார் வாங்கினார்கள்?

பதில்: பிரிட்டன் நகரங்கள், அப்புறம் ஜெர்மனி. 1842-இல் ஹாம்பர்க் நகரம் தீயில் எரிந்தது. திரும்பக் கட்டியபோது கூரைக்கு இந்தக் கல் போனது.

கப்பல்களையும் உள்ளூரிலேயே கட்டினார்கள். ஒரு கப்பலுக்கு 64 பங்கு. கடைக்காரரும் சுரங்கத் தொழிலாளியும் பங்கு வாங்குவார்கள். 1891 முதல் 1913 வரை இங்கே கட்டிய, மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல்கள் அழகுக்கும் வேகத்துக்கும் பேர்போனவை. கல்லை இறக்கிவிட்டு, அட்லாண்டிக் தாண்டிப் போய் உப்பிட்ட காட் மீனை மத்தியதரைக்கடல் ஊர்களுக்குக் கொண்டுபோகும். சரக்கில்லாமல் திரும்பும் கப்பல்கள் நிலை தடுமாறாமலிருக்கக் கற்களை ஏற்றி வரும். அந்தக் கற்களைக் கொட்டிக் கொட்டியே துறைமுகத்தில் ஒரு தீவு உருவானது.

கேள்வி: பிறகு ஏன் சரிந்தது?

பதில்: 1867-இல் பெரிய ரயில் பாதை ஊருக்கு வந்தது, கல் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வழிக்கு மாறியது. 1914 போரோடு ஜெர்மானிய வியாபாரமும் போயிற்று. 1946-இல் மலை ரயிலும் நின்றது.

கேள்வி: இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது ஐயா?

பதில்: அந்த ரயிலேதான்! தன்னார்வலர்கள் பாதையை மீட்டு, 1955-இல் கோப் மேல் மறுபடி ஓட்டினார்கள். 1982-இல் பிளைனாய் வரை போனது. 2021-இல் இந்தச் சிலேட்டு நிலப்பரப்பு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரயிலில் போனாலும் கோப் மேல் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மீட்ட நிலமும் ஸ்னோடன் மலையும் தெரியும். கரையின் கிழக்கு முனையில் பாஸ்டன் லாட்ஜ் இருக்கிறது. கரைக்குக் கல் வெட்டியவர்கள் தங்கிய இடம் அதுதான். மேடாக்ஸ் பேர் ஊரிலேயே இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களின் பேர் எங்கும் இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். அதனால் அங்கே கட்டாயம் போங்கள்.